1988 பெப்ரவரி: இரண்டு வீடியோ கேமும் இரண்டு பற்றரியும்



கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

போன மாதம் எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பாடம், பரீட்சை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு ஒரு தாய் எழும்பினார். "சேர், வேற ஒண்டும் வேண்டாம். இந்த ஃப்ரீ ஃபயரை மட்டும் ஒருக்கா நிப்பாட்டித் தாங்கோ" என்றார். மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் சொன்னார்: "எங்கட காலத்தில இந்தக் கேம் எல்லாம் இருந்ததே? நாங்கள் வளரேல்லையே?"

அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னேன். ஒரு பொடியன் கையை உயர்த்தினான். "சேர், 'எங்கட காலம்' எண்டால் எந்த வருசம்? அப்ப உலகத்தில கேமே இல்லையா?"

வரலாறு படிப்பிக்கிறவனிடம் வருசம் கேட்டால் விடமுடியுமா? கரும்பலகையில் எழுதினேன்: 1988, பெப்ரவரி.

அந்த மாதத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. உலகம் இன்றைக்கும் மறக்காத இரண்டு வீடியோ கேம்கள் அந்த மாதத்தில் அடுத்தடுத்த நாட்களில் வெளிவந்தன. என்னிடம் இருந்த ஒரேயொரு கேம் நின்றுபோனதும் அதே மாதத்தில்தான்.

முதலில் உலகக் கதை.

யப்பானில் நிண்டெண்டோ என்ற நிறுவனம் 1983 யூலை 15ஆம் திகதி ஃபமிகொம் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. ரீவியோடு இணைத்து, மேலே ஒரு கசெற்றைச் செருகி விளையாடுவது. நம்மவர்கள் பிறகு "ரீவி கேம்" என்று சொன்னார்களே, அதற்கெல்லாம் தாய் அதுதான்.

1988 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. கொனாமி நிறுவனத்தின் 'கொன்ட்ரா' அந்தப் பெட்டிக்கு வந்தது. இரண்டு வீரர்கள், காடு, துவக்கு, எல்லாப் பக்கத்திலிருந்தும் குண்டு. ஒருவருக்கு மூன்று உயிர். அதற்கு முந்தைய வருசமே காசு போட்டு விளையாடும் பெரிய இயந்திரத்தில் வந்த ஆட்டம்தான், இப்போது வீட்டுக்குள் வந்தது.

கொன்ட்ரா என்பது அந்த நேரம் செய்தியில் தினமும் அடிபட்ட பெயர். மத்திய அமெரிக்காவில் நிகரகுவா நாட்டின் சான்டினிஸ்டா அரசுக்கு எதிராகப் போராடிய ஆயுதக் குழுக்களைத்தான் அப்படி அழைத்தார்கள். அவர்களுக்கு அமெரிக்கா காசு கொடுத்தது. ஆட்டம் வெளிவருவதற்கு ஆறு நாள் முன்னர், பெப்ரவரி 3ஆம் திகதி, அந்தக் குழுக்களுக்கு மேலும் உதவி கொடுக்கும் ரேகனின் கோரிக்கையை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 219க்கு 211 என்ற வாக்கில் தோற்கடித்தது. பெரிய இயந்திரத்தில் வந்த ஆட்டத்தின் முடிவு இசைக்கு 'சான்டினிஸ்டா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாட்டுச் சனத்தின் சாவு இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பெயராகப் போனது.

இன்னொன்றையும் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து இருந்தது. யப்பானியக் கதைப்படி அந்தச் சண்டை நடக்கும் இடம் 'கலுகா' என்ற கற்பனைத் தீவுக்கூட்டம். எங்களைப் போல.

அடுத்த நாள், பெப்ரவரி 10, புதன்கிழமை. 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஆட்டத்தின் மூன்றாம் பாகம் வெளிவந்தது. கதையை அமைத்தவர் யூஜி ஹொரி. படம் வரைந்தவர் அகிரா தொரியாமா. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'டிராகன் போல்' வரைந்த அதே ஆள். கடைகளுக்கு முன்னால் பெரிய வரிசை. முதல் நாளிலேயே 10 இலட்சத்துக்கு மேல் விற்றது. பாடசாலை நாள் என்பதால் வகுப்புக்குப் போகாமல் வரிசையில் நின்ற மாணவர்கள் ஏறத்தாழ 300 பேரைப் பொலிஸ் பிடித்தது. அடுத்த பாகத்தை அந்த நிறுவனம் 1990 பெப்ரவரி 11ஆம் திகதி வெளியிட்டது. அது ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஆட்டம் ஒரு நாளில் முடியாது. கிழமைக்கணக்கில் போகும். முன்னைய இரண்டு பாகங்களிலும், இன்றைக்கு விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடங்க ஒரு நீளமான இரகசியச் சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போனது. ஒரு எழுத்துப் பிழைத்தால் அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. மூன்றாம் பாகத்தில் அந்தத் தொல்லை இல்லை. கசெற்றுக்குள்ளே பொத்தான் அளவில் ஒரு பற்றரி வைத்தார்கள். பெட்டியை நிறுத்தினாலும் அந்தச் சின்னப் பற்றரியின் மின்சாரத்தில் ஞாபகம் அழியாமல் இருக்கும்.

இந்தப் பற்றரியை ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்பவும் வருவேன்.

இனி எங்கள் கதை.

1987 யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். ஒக்டோபர் 10இல் இந்திய இராணுவத்துடன் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. அந்த ஒக்டோபரில் பாடசாலைகளிலும் கோயில்களிலும் சனம் அடைக்கலம் புகுந்திருந்ததை நேரில் கண்டவர்கள் இதை வாசிப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டோக்கியோவில் பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் கேம் வாங்க வரிசையில் நின்ற அந்தப் புதன்கிழமை, இங்கே ஒரு பிள்ளை வகுப்பில் போய் இருந்து கையொப்ப இடாப்பில் பெயர் விழுந்தாலே பெரிய விசயம்.

எனக்கு அப்போது 9 வயது. எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகதெருவில். சண்டைக்குப் பிறகு உம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்கு, உம்மம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். வாப்பா கடையைப் பார்க்க ரவுனில் நின்றார்.

என் பையில் ஒரு சாமான் இருந்தது. சவூதியில் வேலை செய்த சாச்சா 1986இல் வரும்போது கொண்டுவந்தது. உள்ளங்கை அளவு. நிண்டெண்டோவின் 'கேம் அன்ட் வொட்ச்' வரிசையில் 'ஒக்டபஸ்' என்ற கேம். 1980இல் தொடங்கிய அந்த வரிசையை உருவாக்கியவர் கும்பெய் யொகொய். உலகம் முழுவதும் நான்கு கோடிக்கு மேல் விற்றவை. அதில் ஒன்று எப்படியோ கடல் தாண்டி நயினாதீவுக்கு வந்துவிட்டது.

ஒக்டபஸ் விளையாட்டு என்னவென்றால், மேலே ஒரு தோணி. அதிலிருந்து மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கடலில் இறங்குவார்கள். அடியில் புதையல். நடுவில் ஒரு பெரிய கணவாய் கையை நீட்டி நீட்டி இழுக்கும். பிடிபடாமல் இறங்கி, அள்ளிக்கொண்டு, திரும்பித் தோணிக்கு வரவேண்டும். சங்கு குளிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நயினாதீவுப் பொடியன்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. ஒருவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கயிறு கட்டாமல் இறங்கிறான், விசரன்."

எங்கள் பெரிய விளையாட்டு அதுவல்ல. போளை, கிட்டி, கிளித்தட்டு. அதோடு 'ஆமியும் இயக்கமும்'. பனைமட்டையைச் சீவினால் துவக்கு. வாயால் சத்தம். ஆமியாக நிற்க ஒருவனும் வரமாட்டான், பூவா தலையா போட்டுத்தான் ஆள் பிடிக்க வேண்டும். சுடுபட்டவன் பத்து எண்ணும்வரை மண்ணில் படுத்துக் கிடந்துவிட்டு எழும்பி வரலாம். கொன்ட்ராவை யப்பான்காரன் ரீவியில் கண்ட அதே மாதம் நாங்கள் அதை வேலிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எத்தனை உயிர் என்று கணக்கும் இருக்கவில்லை.

அந்த மாதம் சிவராத்திரி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழித்திருக்க வேண்டும். இரவில் வெளியே திரிய விடமாட்டார்கள், ஆகவே முற்றத்தில் பாய் விரித்து இருந்தார்கள். நித்திரை வராமல் இருக்க என்னையும் கேமையும் கூப்பிட்டார்கள். உம்மம்மாவும் விட்டார். அந்தத் திரையில் சொந்த வெளிச்சம் கிடையாது. அரிக்கன் லாம்புக்குக் கிட்டே சரித்துப் பிடித்தால்தான் தெரியும். ஆளுக்கு ஒரு முறை என்று கை மாறி மாறிப் போனது. விடியப்புறம் கணவாயின் கை மங்கியது, பிறகு தோணி மங்கியது, பிறகு ஒன்றும் இல்லை. பற்றரி முடிந்தது.

அதே நாட்களில்தான், 16ஆம் திகதி, கொழும்பில் நடிகர் விஜய குமாரதுங்க சுட்டுக் கொல்லப்பட்டார். தெற்கும் எரியத் தொடங்கியிருந்த காலம். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி இருந்து அதைக் கதைத்தார்கள். நான் பற்றரிக்காக அழுதேன். 9 வயதில் வரலாறு அவ்வளவுதான்.

அது பொத்தான் மாதிரி இரண்டு சின்னப் பற்றரியில் ஓடுவது. ஊரில் கிடைக்கவில்லை. ரவுனிலும் வாப்பா தேடினார், கிடைக்கவில்லை. சோனகதெருவுக்குத் திரும்பிய பிறகு, ஓட்டுமடத்தில் இருந்த என் கூட்டாளி சொன்னான்: "ஜெர்மனியில மாமா இருக்கிறார், எழுதிக் கேட்கிறன்." எழுதினான். கடிதம் திரும்ப வந்தது, பற்றரி வரவில்லை. உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. இன்னொரு முறை எழுதினான். அளவு பார்க்க வேண்டும் என்று கேமையே அவனிடம் கொடுத்து வைத்தேன்.

1990 யூனில் திரும்பவும் சண்டை. லக்ஸபான மின்சாரம் நின்றது. தடை வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. யப்பானியப் பிள்ளையின் கசெற்றுக்குள் ஞாபகம் காத்த அந்தச் சாமான் இங்கே யுத்தப் பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டவர்களும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் கேளுங்கள், சொல்வார்கள்.

பிறகு 1990 ஒக்டோபர் 30. யார் அறிவித்தார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடும் கொஞ்சக் காசோடும் போனோம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, நான் இங்கே எழுத வருவது அதையல்ல. லொறியில் ஏறியபிறகு எனக்கு வந்த யோசனை ஒன்றுதான்: கேம் அவனிடம் இருக்கிறது. 11 வயது. வீடு போனது விளங்கவில்லை, கேம் போனது விளங்கியது.

புத்தளம். கிடுகுக் கொட்டில். அங்கேதான் 1996இல், ரவுனில் ஒரு கடையில், முதன்முதலாகக் கொன்ட்ராவைக் கண்டேன். தாய்வானிலோ சீனாவிலோ செய்த நகல் பெட்டி, ஒரே கசெற்றில் நூற்றுக்கணக்கான கேம் என்று போட்டிருந்தது, திரும்பத் திரும்ப அதே பத்துத்தான் வரும். அரை மணித்தியாலத்துக்கு 5 ரூபாய். அந்த ஆட்டம் உலகத்துக்கு வந்து எட்டு வருசம் கழித்து எனக்கு வந்தது. எனக்கு 17 வயது. முதல் குண்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த அகதிப் பொடியன் குனிந்தான். ரீவி என்று ஞாபகம் வந்து பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அந்தக் கடையில்தான் 30 உயிர் வித்தையும் படித்தேன். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பிறகு இரண்டு பொத்தான். அதை முதலில் வைத்தவர் கொனாமியில் வேலை செய்த கசுஹிஸா ஹஷிமொதோ. 1986இல் 'கிராடியஸ்' என்ற ஆட்டத்தைப் பரிசோதிக்கும்போது தன்னால் கடைசிவரை போக முடியவில்லை என்று தனக்காகச் செய்த குறுக்குவழி. எடுக்க மறந்தார், உலகம் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பிடித்தது அதுவல்ல. இருவர் சேர்ந்து விளையாடும்போது ஒருவனுடைய உயிர் எல்லாம் முடிந்தால், மற்றவனுடைய மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழும்பி வரலாம். கேட்கத் தேவையில்லை. கூட விளையாடுகிறவன் ஏசுவான், ஆனால் ஆட்டம் தொடரும்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அந்த வருசமே வாப்பாவோடு யாழ்ப்பாணம் வந்தேன். சோனகதெரு வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் வளர்ந்திருந்தது. வாப்பா ஒன்றும் கதைக்கவில்லை. நான் ஓட்டுமடத்துக்கு நடந்தேன். கூட்டாளி கனடாவுக்குப் போய்விட்டான். தாய் இருந்தார். பெயரைச் சொன்னதும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்தார்.

"தம்பி, உன்ர சாமான். 95இல வெளிக்கிடேக்க அவன் புத்தகப் பையுக்க வச்சுக்கொண்டு வந்தவன். உடுப்பை வை எண்டு பேசினனான். 'அது அவன்ர, விட்டிட்டு வந்தால் அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுறது' எண்டான்."

95 என்றால் 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்த நாள். எங்களை அனுப்பிச் சரியாக ஐந்து வருசம், அதே திகதி. அந்த மழையில், அந்த நெரிசலில், எதை எடுப்பது எதை விடுவது என்று ஒவ்வொரு வீடும் தவித்த இரவில், ஒரு 16 வயதுப் பொடியன் வேலை செய்யாத, தன்னுடையதும் அல்லாத ஒரு விளையாட்டுச் சாமானைச் சுமந்திருக்கிறான்.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருளைப் பத்திரமாக உரியவனிடம் சேர்ப்பது. அந்தச் சொல்லை நான் குர்ஆன் மத்ரஸாவில் படித்தேன். அதன் அர்த்தத்தை ஓட்டுமடத்தில் ஒரு சைவ வீட்டு வாசலில் படித்தேன்.

அன்றைக்கே ரவுனில் இரண்டு பொத்தான் பற்றரி வாங்கினேன். கடையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சை பிடித்திருந்ததை அழிறப்பரால் தேய்த்தேன். ஓடியது. கணவாயின் ஒரு கை மட்டும் இன்றுவரை தெரிவதில்லை.

போன கிழமை அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஃப்ரீ ஃபயர் ஆடுகிற கைகளெல்லாம் வரிசையில் நின்று ஆடின. "சேர், இது கஷ்டம்" என்றார்கள்.

பிறகு அவர்களிடம் ஒன்று கேட்டேன். 2017இல் வந்த உங்கள் ஃப்ரீ ஃபயரில் 50 பேர் வானத்திலிருந்து எங்கே குதிக்கிறீர்கள்? "தீவில, சேர்." அந்தத் தீவில் வீடுகள் இருக்கா? "இருக்கு." வீட்டுக்காரர்? வகுப்பு யோசித்தது. ஒருத்தி சொன்னாள்: "இல்ல சேர். வெறும் வீடு." 1990, 91இல் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் சனம் விட்டுப்போன வீடுகளை, இன்றைக்கும் கூரையில்லாமல் நிற்கிறவற்றை, அவர்கள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கடந்துதான் வருகிறார்கள். அதை யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. அந்தப் பிழை கேமுடையது அல்ல. எங்களுடையது.

பெற்றோருக்கு என் பதில் இதுதான். நேரம் குறைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. இரவு நித்திரையைத் தின்கிற எதுவும் பிள்ளைக்குக் கூடாது. ஆனால் "எங்கட காலத்தில கேம் இல்லை" என்று சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. உலகத்தில் இருந்தது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, கூட விளையாடினவன் இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள். போனைப் பறிக்கிற நேரம் பக்கத்தில் இருந்து பத்து நிமிசம் சொல்லுங்கள்.

வகுப்புக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன்: "1988 பெப்ரவரியில் நீங்கள் என்ன விளையாடினீர்கள்?" என்று வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வாருங்கள். முப்பது கொப்பி வந்தது. போளை, மாங்கொட்டை, பட்டம், கொக்கான். நெடுந்தீவிலிருந்து ஒரு அம்மம்மா சொன்னதைப் பேத்தி அப்படியே எழுதியிருந்தாள்: "நாங்கள் விளையாடேல்லை. கடற்கரையில இருந்து, வாற கப்பல் ஆற்றை எண்டு பந்தயம் பிடிப்பம்."

அந்தக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சேர்த்து வைத்திருக்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்திட்டம் என்று 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள், அதிலும் பெரிய பற்றரித் தொகுதி வருகிறது. கரண்ட் வரும். ஞாபகத்தை வைத்திருக்க அது போதாது, எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே உங்களிடமும் அதே கேள்வி. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு, எங்கே இருந்தாலும் சரி, இப்போது எந்த நாட்டில் இருந்தாலும் சரி. 1988 பெப்ரவரியில் நீங்கள் என்ன விளையாடினீர்கள், யாரோடு விளையாடினீர்கள்? கீழே எழுதுங்கள். கூட விளையாடினவரைத் தெரிந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

டேய் கூட்டாளி, கனடாவிலிருந்து நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். கேம் இன்னும் ஓடுகிறது. வரும்போது உன் முறை.